தபாலில் வந்த அச்சம்

வீடொன்றை வாங்க விரும்புபவர் அவ்வீட்டின் உரிமையாளருக்கு நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்பதில் தவறு ஏதும் இல்லை. தரகுக் கூலி மிச்சமாகும். பத்திரிகை விளம்பரத்துக்குச் செலவில்லை. விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்துப் பேசி விலையைத் தீர்த்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பெருநகரங்களில் முழுத் தெருக்களையும் கைமாறச் செய்த கருவிகளுள் இத்தகைய கடிதமும் ஒன்றாக விளங்கியது. கடிதத்தைப் பெற்றவர்கள் தமது வீடுகளை மலிவாக விற்றுவிட்டு வெளியேறினர். அவ்வீடுகளில் பின்னர் குடியேறியவர்கள் அவற்றின் பெறுமதிக்கு இரு மடங்கு கொடுக்க ஒப்புக்கொண்டனர். இடையில் நின்று கடிதம் எழுதியவர்களே செல்வந்தர்களாயினர்.

இந்த வரலாற்றை அமெரிக்காவின் இனப்பாகுபாட்டு வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் வாசிப்பது வழக்கம். அது சரியே. ஆனால் தகவல் யார் கையில் இருக்கின்றதோ அவர் கையிலேயே விலையும் இருக்கின்றது என்ற பொதுவான பாடமொன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றது.

1910ஆம் ஆண்டளவில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்தனர். சிக்காகோ நகரில் 1910இல் சுமார் 44,000 ஆக இருந்த அவர்களின் தொகை 1940இல் 278,000 ஆகவும், 1960இல் எட்டு இலட்சத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. ஆட்கள் பெருகினர், அவர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட இடம் மட்டும் அதே வேகத்தில் பெருகவில்லை.

அதற்குக் காரணங்கள் பல. நகரசபைகள் சட்டம் இயற்றி இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் தடை செய்தது. அதன் பின் வெள்ளையின வீட்டுக்காரர்கள் தமக்குள்ளே ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை காணி உறுதியிலேயே சேர்க்கப்பட்டது. 1924இல் வீடு விற்பனைத் தரகர்களின் தேசிய சங்கம் வெளியிட்ட ஒழுக்கக் கோவை, ஒரு குடியிருப்பின் மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரை அங்கு கொண்டுவர எந்தத் தரகரும் துணைபோகக் கூடாது என விதித்தது. 1934இல் உருவாக்கப்பட்ட மத்திய வீடமைப்பு நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு அரச உத்தரவாதம் அளித்தது. ஆனால் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு அந்த உத்தரவாதம் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. அரசு உத்தரவாதம் தராத இடத்துக்கு வங்கியும் கடன் கொடுக்கவில்லை.

1948இல் நிலைமை சிறிது மாறியது. சென். லூயிஸ் நகரில் வீடு வாங்கிய ஷெலி என்ற கறுப்பினக் குடும்பத்தின் வழக்கில், உறுதியில் எழுதப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டியிருந்த கதவின் ஒரு பூட்டு கழன்றது. ஆனால் வங்கிக் கடன் என்ற மற்றப் பூட்டு அப்படியே இருந்தது. கடிதம் எழுதியவர்கள் தம் தொழிலை நடத்தியது இந்த இரண்டு பூட்டுகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே ஆகும்.

அத்தொழிலை அமெரிக்கர் ‘பிளொக் பஸ்டிங்’ என்று அழைத்தனர். ஒரு தெருத்தொகுதியை உடைத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வெள்ளையினத்தவர் மட்டுமே வாழ்ந்த தெருவொன்றில் முதலில் ஒரு வீட்டை வாங்கிக் கறுப்பினக் குடும்பமொன்றைக் குடியமர்த்துவார்கள். அதன் பின்னர் அத்தெருவின் ஏனைய வீடுகளுக்குக் கடிதங்களும் தபாலட்டைகளும் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கும். உங்கள் வீட்டை வாங்க ஆள் தயாராக உள்ளது, கையில் காசு தரப்படும், தாமதித்தால் விலை இறங்கும் என்பதே அவற்றின் சாராம்சம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெரு வழியே நடந்து செல்வதற்காகக் கறுப்பினப் பெண்களைக் கூலிக்கு அமர்த்திய தரகர்களும் இருந்தனர்.

அச்சமடைந்து ஒருவர் விற்றார். அவர் விற்றதைக் கண்டு அடுத்தவர் விற்றார். பலர் ஒரே நேரத்தில் விற்க முனைந்ததால் விலை உண்மையாகவே இறங்கியது. பொய்யாகத் தொடங்கிய செய்தி, அதை நம்பியவர்களின் செயலாலேயே மெய்யாகிப் போனது. கறுப்பினத்தவர் வந்ததால் விலை இறங்கியது என்று ஓடியவர்கள் இறுதிவரை நம்பினர். அதே வீட்டைக் கறுப்பினக் குடும்பமொன்று எவ்வளவு கொடுத்து வாங்கியது என்பதை அறிந்திருந்தால் அவர்கள் அவ்வாறு நம்பியிருக்க மாட்டார்கள்.

சிக்காகோவின் மேற்குப் புறத்திலுள்ள வட லோண்டேல் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். 1950இல் அங்கு வாழ்ந்தோரில் 13 சதவீதத்தினரே கறுப்பினத்தவர். 1960இல் அந்த விகிதம் 91 சதவீதமாகியது. பத்தே ஆண்டுகளில் ஒரு சிறு நகரத்துக்குச் சமமான மக்கள் தொகை ஏறத்தாழ முழுமையாக மாறியது. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்த கிளைட் ரொஸ் என்பவர் 1961இல் அங்கு 27,500 டொலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். அவருக்கு விற்றவர் சில மாதங்களுக்கு முன்னர் அதனை 12,000 டொலருக்கு வாங்கியிருந்தார்.

வங்கிக் கடன் கிடைக்காத ரொஸ் போன்றோர் தவணை ஒப்பந்த முறையிலேயே வீடு வாங்கினர். கடைசித் தவணை செலுத்தப்படும் வரை உறுதி விற்றவரின் பெயரிலேயே இருக்கும். வீட்டைத் திருத்தும் செலவும் வரியும் வாங்கியவரைச் சேர்ந்தவை. ஒரு மாதத் தவணை தவறினாலும் அவரை வெளியேற்றலாம். அதுவரை கட்டிய பணம் முழுவதும் விற்றவருக்கே உரியதாகும். அதன் பின் அதே வீடு இன்னொருவருக்கு அதே முறையில் விற்கப்படும். 1950களிலும் 60களிலும் சிக்காகோவில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 சதவீதமானவை இவ்வாறே விற்கப்பட்டன என்றும், அதனால் அக்குடும்பங்கள் இழந்த தொகை 300 கோடி டொலருக்கும் 400 கோடி டொலருக்கும் இடைப்பட்டது என்றும் டியூக் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 12,000 டொலர் பெற்றவருக்கும் 27,500 டொலர் கொடுத்தவருக்கும் இடையிலான வித்தியாசம் 15,500 டொலர். இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியிருந்தால், இருவருக்கும் நடுவான ஒரு விலையில் இருவருமே நன்மை பெற்றிருப்பர். வீட்டுக்காரருக்கு ‘நேரடியாக’ எழுதப்பட்ட அக்கடிதம் உண்மையில் அந்த நேரடித் தொடர்பைத் தடுக்கும் சுவராகவே இருந்தது. வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் மீதிருந்த அச்சமும், கறுப்பினத்தவருக்கு வங்கிகள் சாத்திய கதவும் சேர்ந்தே அச்சுவரைக் கட்டின.

இத்தொழிலின் உள்விபரங்களை நாடறியச் செய்ததில் பத்திரிகைத் துறைக்கு ஒரு பங்குண்டு. 1962 ஜூலை 14ஆம் திகதி ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில், சிக்காகோவில் இத்தொழிலில் ஈடுபட்டிருந்த ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலமாக ஒரு கட்டுரை வெளிவந்தது. அவருக்கு நொரிஸ் விட்செக் என்று புனைபெயர் இடப்பட்டிருந்தது. அவர் சொல்லக் கேட்டு எழுதியவர் அல்பிரட் போல்க் என்னும் பத்திரிகையாளர். பெயரை வெளியிடுவதில்லை என்ற வாக்குறுதியின் பேரிலேயே அந்த மனிதர் பேசியிருந்தார்.

பல ஆண்டுகளின் பின்னர் அந்த வாக்குறுதி சோதனைக்குள்ளாகியது. 1952க்கும் 1969க்கும் இடையில் சிக்காகோவில் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கிய கறுப்பினத்தவர் சார்பில், சுமார் அறுபது பேரை எதிரிகளாக்கி வழக்கொன்று தொடரப்பட்டது. விட்செக் யார் என்று கூறுமாறு வழக்காளிகள் போல்க்கிடம் கோரினர். போல்க் வழக்காளிகளின் பக்கம் அனுதாபம் உடையவர். அவரது கட்டுரையே அவர்களின் துயரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இருந்தும் அவர் பெயரைச் சொல்ல மறுத்தார். 1972இல் நியூயோர்க்கிலிருந்த மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது மறுப்பை ஏற்றுக்கொண்டது. வழக்காளிகள் அத்தகவலைப் பெறக்கூடிய ஏனைய வழிகளை முதலில் நாடியிருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்துகளுள் ஒன்று. செய்தி தந்தவரைக் காத்தல் என்ற நெறிக்கு இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. ஆனால் எவருக்காக அக்கட்டுரை எழுதப்பட்டதோ அவர்களின் தேவைக்கு எதிராகவே அந்த நெறி நின்றது என்பதையும் பத்திரிகையாளர் மறக்கலாகாது. 1968இல் லோண்டேலில் உருவாகிய தவணை ஒப்பந்தக் கொள்வனவாளர் கழகம் மாதத் தவணைகளைச் செலுத்த மறுத்துப் போராடியது. நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திருத்தி எழுதுவிப்பதில் அது வெற்றி கண்டது. நீதிமன்றத்தில் அதற்கு வெற்றி கிட்டவில்லை.

சட்டமும் இக்கடிதங்களை எதிர்கொள்ள முனைந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி படுகொலை செய்யப்பட்டு ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் திகதி, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் நியாய வீடமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். குறித்த இனத்தவர் அல்லது மதத்தவர் குடிவரப்போகின்றனர் என்று கூறி, இலாப நோக்கில் ஒருவரை வீட்டை விற்கத் தூண்டுவது அச்சட்டத்தின்படி குற்றமாகியது. ஆனால் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் ‘உங்கள் வீட்டை வாங்க விரும்புகின்றோம்’ என்று மட்டும் எழுதினால்? மிகுதியைப் பெறுபவரின் மனமே வாசித்துக்கொள்ளும். ஒரு கடிதத்தின் சொற்களைத் தடை செய்யலாம். அது வந்து சேரும் தருணத்தைத் தடை செய்வது எப்படி?

இக்கேள்வி மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்குச் சென்றது. சிக்காகோவின் ஒஸ்டின் பகுதியில் இன நல்லிணக்கத்துக்காக இயங்கிய அமைப்பொன்று, தரகர் ஒருவர் தமது பகுதியில் அச்சத்தைத் தூண்டி வீடுகளை விற்பனைக்குப் பெறுகின்றார் எனக் குற்றஞ்சாட்டியது. அவர் அதை மறுத்தார். இனி ஒஸ்டினில் வீடு கேட்டு அணுகுவதில்லை என்று அவர் ஒப்பமிட மறுக்கவே, அந்த அமைப்பினர் அவர் வசித்த வெஸ்ட்செஸ்டர் என்னும் புறநகருக்குச் சென்று அவருடைய அயலவர்களுக்கும் அவர் வழிபட்ட தேவாலயத்துக்குச் சென்றோருக்கும் துண்டுப்பிரசுரம் விநியோகித்தனர். கடிதத்துக்குக் கடிதமே பதிலாகியது. கீழ் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் அத்தடையை நீக்கியது.

அதே பேச்சுச் சுதந்திரம் எதிர்த் திசையிலும் வெட்டியது. வெள்ளையர் கூட்டமாக வெளியேறுவதைத் தடுக்கும் நோக்கில், நியூ ஜேர்சியின் வில்லிங்பரோ நகரசபை வீடுகளின் முன் ‘விற்பனைக்கு’ என்ற பலகை நாட்டுவதைத் தடை செய்திருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. மக்கள் உண்மையை அறிந்தால் தவறாக முடிவெடுப்பர் என்ற அச்சத்தில் உண்மையை மறைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்பதே அதன் சாரம். நியூயோர்க் மாநிலம் சில பகுதிகளில் தரகர்கள் வீட்டுக்காரரை அணுகுவதையே முற்றாகத் தடுத்த ஆணையும் 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. எனக்குக் கடிதம் அனுப்பாதே என்று வீட்டுக்காரர் தனித்தனியே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு அம்மாநிலச் சட்டத்தில் எஞ்சியது.

தடை வெற்றி பெறாத விடயத்தில் வேறு வழியொன்றைக் கண்டது ஒஸ்டினுக்கு அடுத்திருந்த ஓக் பார்க் என்னும் சிற்றூர். இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு வீதி. ஒஸ்டின் தெருத் தெருவாகக் கைமாறிக்கொண்டிருந்ததை ஓக் பார்க் மக்கள் கண்ணெதிரே கண்டனர். 1968இல் அவ்வூர் இனப்பாகுபாடற்ற வீட்டு விற்பனைக்குத் தனிச் சட்டம் செய்தது. 1972இல் ஓக் பார்க் வீடமைப்பு நிலையம் தொடங்கப்பட்டது. கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் ஊரின் எல்லாப் பகுதிகளிலும் கலந்து குடியமர ஊக்குவிப்பதே அதன் பணி. 1978இல் இன்னுமொரு படி முன்சென்று, வீட்டின் மதிப்புக்கு ஊரே காப்புறுதி வழங்கும் திட்டம் அறிமுகமாகியது. இத்திட்டத்தில் சேர்ந்தவர் குறித்த காலம் கழித்து வீட்டை விற்கும்போது விலை இறங்கியிருந்தால், இழப்பின் பெரும் பகுதியை ஊர் நிர்வாகம் ஈடு செய்யும். அத்திட்டத்தின் கீழ் இழப்பீடு எதுவும் கொடுக்க வேண்டி வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அச்சம் நீங்கியதும் ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றதும் விலை நின்றது. எந்தத் தடையும் செய்யாததை ஓர் உறுதிமொழி செய்தது.

நமது நாட்டிலும் வீடு, காணி விற்பனையில் அறிவித்தல் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அதன் திசை வேறு. 1707இல் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையில், காணியை விற்க எண்ணுபவர் அதனைப் பிறருக்கு விற்கு முன் தம் வாரிசுகளுக்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் பதிவாகியுள்ளது. அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம், அதே பிரிவின் வேறு ஊரில் இருப்பவருக்கு இரண்டு மாதம், வேறு பிரிவில் இருப்பவருக்கு மூன்று மாதம், பிற நாட்டில் இருப்பவருக்கு ஓராண்டு எனத் தவணையும் கொடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் விற்பனையை அறிவிக்கும் முறை வந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இந்த முன்னுரிமையைத் தனியாக வரையறுத்தது.

சிக்காகோவில் வாங்க வருபவர் இரகசியமாக எழுதினார். யாழ்ப்பாணத்தில் விற்பவர் பகிரங்கமாக அறிவித்தார். இருட்டில் நடக்கும் விற்பனைக்கு இம்முறை இடம் கொடுக்கவில்லை. அதேவேளை, அந்நியர் காணிக்குள் வராமல் உறவுக்குள்ளேயே அதை வைத்திருக்கும் வேலியாகவும் அது பயன்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. யாருக்கு அறிவிக்கப்படுகின்றது என்ற கேள்வியோடு யாருக்கு அறிவிக்கப்படுவதில்லை என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். வெளிச்சமும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை.

அமெரிக்காவில் இக்கடிதத்தின் கதை முடிந்துவிடவில்லை. வீடுகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய அண்மைக் காலத்தில், வாங்க விரும்புவோர் தம் குடும்பப் படத்தையும் இணைத்து விற்பவருக்கு உருக்கமான கடிதம் எழுதும் வழக்கம் பரவியது. படத்தைப் பார்த்து இனத்தையும் மதத்தையும் அறிந்து ஒருவரைத் தெரிவு செய்ய அது இடமளிக்கும் என்று கருதிய ஒரேகன் மாநிலம், அத்தகைய கடிதங்களை விற்பவரிடம் சேர்ப்பிக்காதிருக்குமாறு தரகர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 2021இல் நிறைவேற்றியது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மார்ச் மாதமே மத்திய நீதிபதி ஒருவர் பேச்சுச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி அதனை இடைநிறுத்தினார்.

மறுபுறத்தில் பழைய பாணிக் கடிதமும் மறையவில்லை. பழுதடைந்த வீட்டில் வாழும் முதியவருக்கு, உள்ளபடியே வாங்கிக்கொள்கின்றோம், உடனே காசு தருகின்றோம் என்று கடிதம் வருகின்றது. அனுப்புபவர் பல வேளைகளில் அவ்வீட்டின் உரிமையாளராவதே இல்லை. குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எழுதி, அந்த ஒப்பந்தத்தைக் கூடிய விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றி விடுகின்றார். பிலடெல்பியா நகரம் 2020இல் இத்தகைய இடைத்தரகர்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் எனச் சட்டம் செய்தது. இனத்தின் பெயரால் அச்சமூட்டும் வேலை இதில் இல்லை. ஆனால் கடிதத்தை எழுதியவருக்கு வீட்டின் விலை தெரியும், பெற்றவருக்குத் தெரியாது என்ற அடிப்படை மாறவில்லை.

எனவே இக்கடிதம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. கிளைட் ரொஸ்ஸின் வீட்டை அவருக்கு முன்னர் விற்றவரும் ரொஸ்ஸும் ஒரே பேரத்தின் இரு முனைகளில் நின்றவர்கள். ஒருவர் எவ்வளவு பெற்றார் என்பதும் மற்றவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் அரச பதிவேடுகளிலும் ஒப்பந்தத் தாள்களிலும் இருந்தன. அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் இருவரின் கண்ணிலும் பட்டிருந்தால், அவர்களுக்கு நடுவே நின்றவருக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே இருந்திராது.